காசநோய் ஆராய்ச்சியும் நம் கல்வி நிதியும்

(ஆலங்குடியில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் ஏறி நின்றால் இலக்கியமே பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். செயலாளர் அவர்கள் தலைப்பு யாதென வினவிக் கடிதம் விடுத்தபோது, 'காசநோய்' என ஒரே சொல்லில் மறுமொழி எழுதினோம். உடனே தொலைபேசியில் அழைத்து, "ஐயா, அன்று பகல் விருந்து உண்டே, சாப்பிடுமுன் இதைப் பேசலாமா?" என்றார். உண்டபின் பேசின் நீவிர் உறங்கிவிடுவீர் என்று அஞ்சியே முற்பகலை வேண்டிப் பெற்றோம்.

காசநோயைப் பற்றிப் பேச மருத்துவர் பலர் உளர். தமிழாசிரியனுக்கு இதில் வேலை என்னை எனில், அதற்கொரு காரணம் உண்டு. நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, எம்மிடம் 5 ஆண்டுகள் தமிழ் பயின்ற ஒரு மாணவியுடையது. அவள் புள்ளியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். சென்னையில் இருந்துகொண்டு, காசநோய் மக்களிடையே எவ்வாறு பரவுகின்றது, எவரைப் பற்றுகின்றது, எதனாற் குறைகின்றது என்பதை ஆராயும் மேற்படிப்பிற் சேர்ந்திருக்கின்றாள். நிதிக் கமிட்டியார் அவ்விண்ணப்பத்தின் மேல், 'மருத்துவமும் அன்று, பொறியியலும் அன்று. விதியில் இடமில்லை' என்று பென்சிலாற் குறித்திருக்கின்றனர். மையாற் குறியாது பென்சிலாற் குறித்தமையின், அழித்தற்கு இடம் உண்டு என்று கொண்டே இன்று பேச வந்தோம்.

இக்கல்வியை ஆங்கிலத்தில் எபிடெமியாலஜி என்பர். கிரேக்க மொழியில் 'எபி' என்பது மேல் என்றும், 'டெமோஸ்' என்பது மக்கள் என்றும் பொருள்படும். மக்கள்மேற் படர்வதைப் பற்றிய அறிவு என்பது திரண்ட பொருள். தமிழில் இதனைக் கொள்ளைநோயியல் என்று சிலர் வழங்குகின்றனர். வாந்திபேதிக்கும் பெரியம்மைக்கும் அப்பெயர் பொருந்தும். காசநோய்க்கோ பொருந்தாது. அது ஓரிரவில் வந்து வீட்டைச் சூறையாடிப் போகும் கொள்ளைக்காரனன்று. மாதந்தோறும் வந்து வட்டி வாங்கிச் சென்று, முதலையும் ஒருநாள் கேட்கும் கடன்காரன். ஆகலின் நோய்ப்பரவலியல் என்பதே எம் செவிக்கு இனிதாய்ப் படுகின்றது. காசம் என்னுஞ் சொல் இருமலைக் குறிக்கும். க்ஷயம் என்பது தேய்வு. எலும்புருக்கி என்பது விளக்க வேண்டாதது. பெயரிட்ட முன்னோர் நோயாளியின் உடலைக் கண்டு பெயரிட்டனர். அவ்வுடலிலிருந்து பக்கத்து உடலுக்கு அது எங்ஙனஞ் சென்றது என்பது அவர்களுக்குத் தெரிந்திலது. 1882 ஆம் ஆண்டு மார்ச்சு 24 ஆம் நாள், பெர்லின் மாநகரில் ராபர்ட் காக் என்பார் அதன் கிருமியைக் கண்டறிந்து வெளிப்படுத்திய பின்னரே, அது குலத்தில் வழிவழி வருஞ் சாபமன்று, மூச்சுக்காற்றிற் பரவுந் தொற்று என்பது உலகுக்குத் துணிவாயிற்று. அச்செய்தி நம் திண்ணைகளுக்கு இன்னும் முற்றும் வந்து சேரவில்லை என்பது வேறு.

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணி செய்வான் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் வகுத்தார். ஐந்தாவதாக ஒருவனை இக்காலம் சேர்த்திருக்கின்றது. அவன் எண்ணுபவன். ஒரு நோயாளியின் நாடியை மருத்துவன் பார்ப்பது போல, ஒரு மாவட்டத்தின் நாடியை அவன் பார்க்கின்றான். எம் மாணவி கற்பது அத்தொழிலே.

எண்ணுவதில் என்ன அருமை என்பீர்கள். நம் ஊர்க் கண்மாயை நினையுங்கள். அதில் இன்று நிற்கும் நீர் ஒன்று. வரத்துவாரி வழியே இவ்வாண்டு வந்து சேர்ந்த நீர் மற்றொன்று. மடை வழியும் கலிங்கு வழியும் வெளியேறுவது மூன்றாவது. இன்று ஓர் ஊரில் காசநோயோடு இருப்பார் தொகை, நிற்கும் நீரை ஒக்கும். ஆண்டுக்குப் புதிதாய் நோயுறுவார் தொகை, வரத்தை ஒக்கும். குணமானாரும் மாண்டாரும் வெளியேறிய நீர். நீர் குறைந்துவிட்டது என்று ஒருவன் வந்து சொன்னால், வரத்து நின்றதனாற் குறைந்ததா, மடை திறந்ததனாற் குறைந்ததா, உடைப்பெடுத்துக் குறைந்ததா என்று கேட்டறியாமல் மகிழலாமா? இன்னுமொரு விந்தை. அரைகுறையாக மருந்துண்டு, சாகாமலும் குணமாகாமலும் நடமாடுவோர் பெருகினால், சாவு குறைய நோய் கூடும். சாவுக் கணக்கை மட்டும் பார்ப்பவன் அதனை வெற்றி என்று எழுதிவிடுவான். இத்தகைய மயக்கங்களைக் களையும் பயிற்சிக்கே ஆண்டுகள் பல வேண்டியிருக்கின்றன.

இந்த ஆராய்ச்சியிற் சென்னைக்கு உலகம் அறிந்த பெருமை ஒன்று உண்டு, நம்மவர் அறியார். 1956 ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்குஞ் சேர்ந்து, சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்தாய்வு நிலையத்தைத் தொடங்கின. பின்னாளில் காசநோய் ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பூண்டு, 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குவது அதுவே. அக்காலத்தில் காசநோயாளியைச் சானடோரியத்திற் சேர்த்து, மாதக்கணக்கிற் படுக்கையில் இருத்தி, பாலும் முட்டையும் கொடுத்து வைத்தலே முறை. நாட்டில் நோயாளிகளோ இலட்சக்கணக்கினர், படுக்கைகளோ ஆயிரக்கணக்கின. வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் குணமாகுமா, வீட்டாருக்கு ஒட்டிவிடுமா என்பதே வினா. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமையில், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேர் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூற்றார் சானடோரியத்தில். மறு கூற்றார் தம் குடிசைகளில். இரு கூற்றார்க்கும் ஒரே மருந்து, ஓராண்டு.

பிரித்த முறையைச் சிறிது நின்று நோக்க வேண்டும். இவன் மெலிந்தவன், சானடோரியத்துக்கு அனுப்புவோம் என்று மருத்துவர் தேர்ந்திருந்தால், ஆய்வு கெட்டொழிந்திருக்கும். எவர் எங்கே என்பதை மனிதர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலுக்கே விட்டனர். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளிற் குடவோலை முறையைக் கற்பிக்கும்போதெல்லாம், குடத்தில் ஓலையிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்ததன் நுட்பத்தை மாணாக்கர்க்கு விரித்துரைப்போம். வேண்டியவன், வேண்டாதவன் என்னும் எண்ணம் கைக்குட் புகாதிருத்தற்கே அவ்வேற்பாடு. அதே நுட்பம் மருத்துவ ஆராய்ச்சியின் உயிர்நிலையாய் இருப்பதை எம் மாணவி எமக்கு எடுத்துரைத்தபோது, ஆசிரியன் மாணவனாகும் இன்பத்தை அடைந்தோம்.

ஆய்வின் முடிவு 1959 இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், வீட்டிலிருந்தாருள் நூற்றுக்கு 86 பேரும், சானடோரியத்தில் இருந்தாருள் நூற்றுக்கு 92 பேரும் நோய் அடங்கப் பெற்றனர். நல்லுணவும் ஓய்வும் காற்றும் ஒருபுறம், நெருக்கடியான குடிசையும் குறையுணவும் வேலையும் மறுபுறம், வேறுபாடு இவ்வளவே. வீட்டாரையும் 5 ஆண்டுகள் விடாது தொடர்ந்து பார்த்தனர். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் நோய் மிகுதியாகப் பரவவில்லை. பரவியவை, பெரும்பாலும், மருந்து தொடங்குமுன்னரே பரவியிருந்தன. உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு இவ்வாய்வு ஒரு பெருங்காரணம். மாத்திரைகள் விழுங்கப்பட்டனவா என்பதை அறிய, ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று எஞ்சியவற்றை எண்ணினர், சிறுநீரையுஞ் சோதித்தனர். இவ்வளவும் மேதைகளின் வேலையன்று; சந்துபொந்துகளில் நடந்த கால்களின் வேலை.

வெற்றி பெற்ற ஆய்வை மட்டுஞ் சொல்லின் ஒருதலையாகும். 1968 இல் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்த ஊர்களில், பி.சி.ஜி. தடுப்பூசி பெரியோரைக் காக்குமா என்றறிய 2½ இலட்சத்துக்கும் மேற்பட்டாரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினர். அவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்தனர். பெரியோர்க்கு அவ்வூசி நுரையீரற் காசத்தினின்று காப்பளிக்கவில்லை என்பதே கிடைத்த விடை. எத்தனை பேருடைய உழைப்பு! வேண்டிய விடை வரவில்லையே என்று அதனை மறைக்காமல் உலகறிய வெளியிட்டார்களே, அந்நேர்மையை எண்ணி யாம் வியக்கின்றோம். குழந்தைகட்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய காசவகைகளை அவ்வூசி தடுக்கும் ஆதலின் இன்றும் பிறந்த குழந்தைக்கு இடுகின்றனர். தாய்மார்கள் இதனைத் தவறாகக் கொள்ளற்க.

எம் மாணவி போன்றார் இன்று செய்வது யாது? சென்ற பொங்கல் விடுமுறைக்கு வந்தவள், எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இரண்டு மணி நேரஞ் சொன்னாள். ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. சொல்லலாகாது என்பது அவர்கட்கு முதற்பாடமாம். ஓர் ஊரைக் குலுக்கலில் தேர்ந்தால், வீடுவீடாகச் சென்று எத்தனை பேர் என்று முதலிற் குறித்துக்கொள்வர். 15 வயதுக்கு மேற்பட்டார் அனைவரையும் இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என வினவி, வண்டியிற் கொண்டுவந்த எக்ஸ்ரே கருவியின்முன் நிறுத்துவர். ஐயத்துக்கு இடமானவர்களிடம் சளி பெற்றுக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். கிருமியை வளர்த்துப் பார்த்து விடை சொல்ல வாரங்கள் ஆகும். எதற்கும் முன்னர், இன்னது செய்யப் போகின்றோம், மறுக்க உமக்கு உரிமை உண்டு என்று தெரிந்த மொழியில் சொல்லிக் கையொப்பம் பெறல் வேண்டும். சொல்லுந் தமிழ் விளங்காவிடின் அக்கையொப்பம் செல்லாது. "ஐயா, நீங்கள் கற்பித்த தமிழ் அங்கேதான் எனக்கு உதவுகின்றது, ஆனால் பாதியை நான் மறக்க வேண்டியிருந்தது" என்றாள். அவள் சொன்னதன் உட்பொருளை உணர்ந்து, யாம் நகைத்தோம்.

2019 முதல் 2021 வரை நாடு முழுதும் இம்முறையில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 15 வயதுக்கு மேற்பட்டாருள் இலட்சத்துக்கு 316 பேர், கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரற் காசத்தோடு இருந்தனர். அறிகுறி இருந்தாருள் நூற்றுக்கு 64 பேர் எந்த மருத்துவரையும் நாடவில்லை. எக்ஸ்ரே எடாமல் இருமலை மட்டுங் கேட்டு விட்டிருந்தால், நோயாளிகளுள் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் தப்பிப் போயிருப்பர். இருமலே இல்லாமல் நோய் இருக்கும் என்பதனையும், இருமல் இருந்தும் வாய் திறவாமல் மக்கள் இருப்பர் என்பதனையும் இவ்வெண்கள் காட்டுகின்றன.

"எந்த வீட்டிற் கதவடைத்தனர்?" என்று அவளை வினவினோம். குடிசைகள் திறந்தே இருந்தனவாம். "பெரிய வீடுகள்தாம், ஐயா. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடுகள்" என்றாள்.

அவையீர், இவ்விடத்தில் எம் இல்லத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. 29 ஆண்டுகளாக எவரிடமுஞ் சொன்னதில்லை. 1996 இல் எமக்கு வயது 15. எம் தமக்கையாருக்கு 21. மாலையில் காய்ச்சலும் இரவில் வியர்வையும் இருமலும் இருந்தன. பனி என்றனர், பின் பித்தம் என்றனர். எம் தந்தையார் இரவிற் பேருந்தேறி, எம்மை அறியாத தொலைவிலுள்ள ஓர் ஊருக்கு அவரை அழைத்துச் சென்று காட்டினார். காசம் என்றும், மருந்து இலவசம் என்றும், 6 திங்கள் விடாது உண்டால் குணமாகும் என்றும் சொன்னார்கள். இரண்டு திங்கள் உண்டார். இருமல் நின்றது, முகந் தெளிந்தது. அத்திங்களே நம் சங்கத்தின் இதழில், மணமாலைப் பகுதியில், 'நற்சுகமும் நல்லழகும் வாய்ந்த' என்று அவரைக் குறித்து அறிவிப்பு வந்தது. எழுதியவர் எம் தந்தையார். படி எடுத்துக் கொடுத்தவர் யாம். பெண் பார்க்க வருவோர் கண்ணிற் பட்டுவிடும் என்று மாத்திரைகளை அடுப்பிலிட்டனர். நிச்சயதார்த்தம் நடந்தது. நான்காந் திங்களில் நோய் மீண்டும் எழுந்தது. அப்பொழுதும் மருத்துவமனைக்குச் சென்றிலர். மாப்பிள்ளை வீட்டார் அறிந்துவிடுவர் அன்றோ! கொல்லைப்புறத்து அறையில் இருந்தார். அவர் குடிக்கும் பித்தளைத் தம்ளர் ஒன்று தனியே ஆணியில் தொங்கும். அத்தம்ளரால் நோய் ஒட்டாது என்பதனை யாம் அறிந்தது பல ஆண்டுகள் கழித்து. அடைத்து வைத்த அறையின் காற்றே தீங்கு. சன்னலையோ, தெருவிற் பார்ப்பர் என்று மூடியே வைத்திருந்தோம்.

1997 பங்குனியில் மறைந்தார். மஞ்சட்காமாலை என்று ஊரார்க்குச் சொன்னோம்.

புதுமைப்பித்தன் 1948 இல் இந்நோயால் மாண்டார் என்று வகுப்பிற் கற்பிக்கும்பொழுது, ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943 இலேயே கண்டறியப்பட்டும் அவர்க்குப் பயன்படவில்லையே என்று மாணாக்கர் வருந்துவர். எம் தமக்கையாருக்கு மருந்து எட்டாத தொலைவில் இருக்கவில்லை. வீட்டு அடுப்பில் இருந்தது.

எம் மாணவியிடம் இதனைச் சொன்னோம். அவள் சிறிது நேரம் பேசாதிருந்து, "வீட்டில் அப்போது எத்தனை பேர் இருந்தீர்கள்? எவரையேனும் பரிசோதித்தார்களா?" என்றாள். அறுவர் இருந்தோம், எவரையுஞ் சோதிக்கவில்லை. ஆறுதல் மொழி கூறாமல் அவ்வினாவைக் கேட்டாளே, அப்பொழுதே அவள் தொழிலைக் கற்றுக்கொண்டாள் என்பது எமக்குத் தெரிந்தது.

இவ்வாராய்ச்சியால் விளைந்த பயன் யாது எனக் கமிட்டியார் வினவினர். இரண்டு சொல்கின்றோம். ஜார்க்கண்டு மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை, 2,800 நோயாளிகளையும் அவர்தம் வீட்டார் 10,345 பேரையும் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. நம் சென்னை நிறுவனமும் அதிற் பங்கு கொண்டது. ஒரு சாரார் வீட்டில் ஆளுக்குத் திங்களுக்கு 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தனர். மற்றச் சாரார் வீட்டில் நோயாளிக்கு மட்டும் உணவுப்பொருள் கொடுத்தனர். வீட்டார் அனைவரும் உண்ட இடத்தில் புதிதாய் நோயுற்றார் நூற்றுக்கு 40 அளவிற் குறைந்தனர். அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாய் நின்றன! நம் பாட்டிமார் அறிந்ததே என்பீர்கள். அறிந்தது வேறு, அரசினர் கருவூலத்தைத் திறக்கும்படி எண்ணிட்டு நிறுவுவது வேறு. காசநோயாளிக்கு நடுவணரசு 2018 முதல் திங்கள்தோறும் அளித்த 500 ரூபாய், 2024 நவம்பரில் 1,000 ஆக உயர்ந்தது.

மற்றொன்று நம் மாநிலத்தது. காசத்தால் மாள்வோர் பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் இரு திங்களுக்குள் மாள்கின்றனர் என்பதை எண்ணிக் கண்டவர் எண்ணுவோரே. அதன்மேல் 2022 இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தமிழ்நாட்டில் தொடங்கிற்று. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தார் இதற்குத் துணை. நோய் உறுதியான அன்றே, அருகிலுள்ள செவிலியரே உயரம், எடை, மூச்சின் எண்ணிக்கை, குருதியில் உயிர்வளி, கால்வீக்கம், துணையின்றி நிற்றல் ஆகியவற்றைப் பார்த்து, நிலை மோசமானவரை உடனே மருத்துவமனையிற் சேர்ப்பர். பெரிய கருவி ஒன்றும் வேண்டா. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிவிப்பதற்கே ஆராய்ச்சி.

தடைகள் சில கூறப்பட்டன. அவளுக்கே நோய் ஒட்டாதா என்றார் ஒருவர். சளி நிறைந்த அறையிற் பணியாற்றுங்கால் முகவுறை அணிவர். தம்மைத் தாமே சோதித்துக்கொள்வர். அஞ்சத்தக்கது, நோய் உண்டு என்று தெரிந்து மருந்துண்பவனைக் காட்டிலும், தெரியாமல் நம் பக்கத்திற் பந்தியில் அமர்ந்திருப்பவனையே. இவ்வேலைக்குப் போகும் பெண்ணை எவன் மணப்பான் என்றார் மற்றொருவர். அதற்கு விடை கூற யாம் விரும்பவில்லை. எம் தமக்கையாரின் கதையே கூறட்டும். ஆராய்ச்சியின் பயன் நம்மவர்க்கு மட்டும் அன்றே, நம் நிதி ஏன் என்றார் மூன்றாமவர். நம் முன்னோர் இவ்வூர்ச் சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்தபோது, குடித்தவர் இன்னார் என்று கணக்கு வைக்கவில்லை. அன்றியும், கிருமி நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்து வருவதில்லை. பக்கத்துத் தெருவின் மூச்சே நம் மூச்சு. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் இப்புதுக்கோட்டையிற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்து, 1912 இற் பட்டம் பெற்றார். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையை அவர் நிறுவியது எச்சாதியார்க்கு என்று எவரேனுங் கேட்பரோ?

எம் வேண்டுகோள் சிறிது. கல்வி நிதியின் விதியில் 'மருத்துவம், பொறியியல்' என்பதன்பின் 'பொதுச் சுகாதாரம், நோய்ப்பரவலியல், அவற்றைச் சார்ந்த ஆராய்ச்சி' என்னுஞ் சொற்களைச் சேர்த்தல் வேண்டும். மணமாலைப் பகுதியில் 'நற்சுகம்' என்னுஞ் சொல்லை இனி அச்சிடாதிருக்குமாறு இதழாசிரியரையும் வேண்டுகின்றோம். அதனை எழுதியவர் எவரும் மெய்யென்று அறிந்து எழுதியதில்லை. எம் தமக்கையாரின் திருமணத்துக்கென்று எம் அன்னையார் சேர்த்து வைத்து, இதுவரை எவர் கையும் படாதிருந்த தொகை ஒன்று உளது. அதனை இன்று காலை பொருளாளரிடம் ஒப்புவித்துவிட்டோம்.

திருத்தத்தின் படி செயலாளர் மேசைமேல் இருக்கின்றது. நிதிக் கமிட்டியார் விருந்துக்குப் பின், பிற்பகல் 3 மணிக்கு, இம்மண்டபத்தின் மாடியிற் கூடுகின்றனர். கையொப்பமிட விரும்புவோர் அதற்கு முன் இடலாம். பேனா இல்லாதவர்க்கு எம்மிடம் இரண்டு இருக்கின்றன.